நேரத்துக்குச் சாகணும் ஸார்!

எலும்புக்குத் தமிழில் நல்ல பெயரே கிடையாது. இதயத்துக்கு ஆயிரம் சினிமாப் பாட்டு இருக்கிறது. கண்ணுக்கு அதைவிட அதிகம். இடுப்புக்குக்கூட நாலைந்து தேறும். எலும்புக்கு? 'எலும்பை எண்ணிடுவேன்' என்று மிரட்டலாம். 'எலும்பும் தோலுமா ஆயிட்டான்' என்று பரிதாபப்படலாம். ஆபீஸில் ஃபைல் நகரவில்லை என்றால் 'எலும்புத் துண்டு' போடலாம். அதோடு சரி.

காரணம், நாம் எலும்பைப் பார்ப்பதே அதன் சொந்தக்காரர் காலமான பிறகுதான். பள்ளிக்கூட ஸயன்ஸ் ரூமில் கம்பியில் தொங்கிக்கொண்டு, ஃபேன் காற்றில் லேசாக ஆடிக்கொண்டு, எல்லாப் பசங்களையும் பார்த்துச் சிரிக்குமே, அதுதான் நமக்குத் தெரிந்த எலும்பு. விட்டால் பிரியாணித் தட்டின் ஓரம். இரண்டுமே செத்த எலும்பு.

உயிரோடு இருக்கிற எலும்பு வேறு ஜாதி. பி.காம். படித்த யாரைக் கேட்டாலும் (அடியேனும் அந்தக் கூட்டம்தான்) எலும்பை 'நிலைச் சொத்து' என்று எழுதி, வருஷா வருஷம் தேய்மானம் கழித்துவிட்டுப் போவார்கள். உண்மையில் அது கரண்ட் அக்கவுண்ட். தினம் டெபாஸிட், தினம் வித்டிராயல். உங்கள் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவிகிதம் எலும்பு என்ற பாங்க்கில். பாக்கி ஒரு சதவிகிதத்துக்கும் குறைவானது வெளியே சில்லறையாகப் புழங்குகிறது. அந்தச் சில்லறை இல்லாவிட்டால் இதயம் துடிக்காது, விரல் மடங்காது, அடிபட்ட இடத்தில் ரத்தம் உறையாது. ஆகவே ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு யோசிப்பதே இல்லை. நேரே எலும்பில் போய் எடுத்துக்கொள்கிறது. செக் கிடையாது, கையெழுத்து கிடையாது.

இந்த வாரச் சமாசாரம் அந்தக் கால்சியமும், அதன் கூட்டாளி பாஸ்பேட்டும் செய்கிற இன்னொரு வேலை. இரண்டையும் நாம் செங்கல், சிமெண்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'கால்சியம் சாப்பிடு, எலும்பு ஸ்ட்ராங் ஆகும்' என்பது அந்தச் செங்கல் தியரிதான். ஆனால் இவை செங்கல் மட்டுமில்லை. ஆர்டர்களும்கூட. அதுவும் சாதாரண ஆர்டர் இல்லை. 'நீ இருக்கலாம், நீ சாகலாம்' என்று எலும்பு செல்களுக்குப் போகும் ஆர்டர்.

* * *

முதலில் ஸ்டாஃப் லிஸ்ட்.

எலும்பில் மூன்று வகை ஊழியர்கள். இடிக்கிறவர் ஆஸ்டியோக்ளாஸ்ட். கட்டுகிறவர் ஆஸ்டியோப்ளாஸ்ட். (யார் பெயர் வைத்தார்களோ, நடுவில் ஒரே எழுத்து வித்தியாசம். மெடிக்கல் மாணவர்கள் பரீட்சை ஹாலில் இதற்காகவே வியர்க்கிறார்கள். நாம் இடிப்பவர், கொத்தனார் என்றே வைத்துக்கொள்வோம்.) மூன்றாமவர் ஆஸ்டியோஸைட். கட்டின சுவருக்குள்ளேயே தன்னைச் சேர்த்துப் பூசிக்கொண்டு, பல வருஷம் அங்கேயே உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன். எலும்பு செல்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த வாட்ச்மேன்கள்தான். சுவர் எங்கே விரிசல் விட்டது என்று தகவல் சொல்வது இவர்கள் வேலை.

இடிப்பவர் வந்து எலும்பின் மேல் ஒட்டி உட்கார்ந்து, அடியில் ஆஸிட் விடுவார். நிஜ ஆஸிட் ஸார், ஹைட்ரோகுளோரிக். எலும்பு கரையும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு குழி. பிறகு கொத்தனார் கோஷ்டி வந்து அதே குழியை மூன்று நாலு மாசம் எடுத்து நிரப்பும். இடிப்பது சீக்கிரம், கட்டுவது நிதானம். நம் ஊர் ரோடு மாதிரிதான். இப்படியே ஒரு வருஷத்தில் உங்கள் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புதிதாகிவிடுகிறது. பத்து வருஷம் முன்பு உங்கள் கல்யாணத்தில் மாலை மாற்றிய கை எலும்பு, பெரும்பாலும் இன்று உங்களிடம் இல்லை. (மனைவியிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டாம்.)

வேலை முடிந்ததும் இந்த ஊழியர்கள் எங்கே போகிறார்கள்? இங்கேதான் விஷயம். ஒரு இடிப்பவரின் சர்வீஸ் சுமார் இரண்டு வாரம். கொத்தனாருக்கு சுமார் மூன்று மாசம். வாட்ச்மேனாக மாறும் சிலரையும், சுவரின் மேல் பாய் விரித்துப் படுத்துவிடும் சிலரையும் தவிர்த்து, கொத்தனார்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் செத்துப் போகிறார்கள். விபத்து இல்லை, வியாதி இல்லை. தாங்களே தங்கள் கடையைக் கட்டிக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் சில என்ஸைம்கள் விழித்துக்கொண்டு, செல்லைப் பதமாகத் துண்டு துண்டாக்கி, பொட்டலம் கட்டி வைத்துவிடும். அக்கம்பக்கத்து செல்கள் அதை எடுத்துச் சாப்பிட்டுவிடும். ரத்தம், சீழ், கூச்சல் ஒன்றும் கிடையாது.

1972-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கெர், வைலீ, கர்ரி என்ற மூவர் இந்த நாகரிகமான சாவுக்கு 'அப்பாப்டோஸிஸ்' என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்க வார்த்தை. வாயில் நுழையாவிட்டால் 'உதிர்தல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தமிழ், ஆளும் பயப்பட மாட்டார்.

* * *

உதிரச் சொல்வது யார்? பல பேர். ஹார்மோன்கள் உண்டு, புரதங்கள் உண்டு. அந்த லிஸ்டில் சாதாரண உப்புச் சரக்கான அயனிகளும் இருக்கின்றன என்பதுதான் ஆச்சரியம்.

அயனி என்றால் பெரிய சமாசாரம் இல்லை. கல் உப்பைத் தண்ணீரில் போட்டால் ஸோடியமும் குளோரினும் டைவர்ஸ் வாங்கிக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்சம் மின்சுமையோடு தனித்தனியாகத் திரியும். அதுதான் அயனி. எலும்பின் உப்பு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. இடிப்பவர் ஆஸிட் விட்டதும் இரண்டும் அயனிகளாகப் பிரிந்து குழியில் தேங்கும். அங்கே கால்சியத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் திரியும் கால்சியம் அயனியைப்போல் முப்பது மடங்கு வரை!

இவ்வளவு கால்சியத்தில் உட்கார்ந்தால் முதலில் இடிப்பவருக்கே ஆகாது. அளவு ஏற ஏற அவர் சுருங்கிக்கொண்டு, பிடியை விட்டு, இடத்தைக் காலி பண்ணுகிறார். சோதனைச் சாலையில் அதிகக் கால்சியத்தில் விட்டால் உதிர்ந்தும் போகிறார். எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள். இடித்தால் கால்சியம் வரும், கால்சியம் வந்தால் இடிப்பது நிற்கும். ஆடிட்டர் தேவையில்லை, செலவே செலவைக் கட்டுப்படுத்துகிறது. நம் கிரெடிட் கார்டுக்கு இந்த வசதி இல்லை.

கொத்தனார் கதை இன்னும் சுவாரஸ்யம். 2001-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆடம்ஸ், ஷப்பிரோ கோஷ்டி, மனித எலும்பிலிருந்து வளர்த்த கொத்தனார் செல்களைக் கிண்ணத்தில் வைத்து, மேலே பாஸ்பேட் விட்டுப் பார்த்தார்கள். பாஸ்பேட் கூடக்கூட செல்கள் உதிர்ந்தன. அதோடு கால்சியத்தையும் துளி ஏற்றினார்கள். துளிதான். சாவு எண்ணிக்கை சரசரவென்று எகிறிவிட்டது. இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு வந்தால்தான் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. உள்ளே எப்படி நுழைகிறது? பாஸ்பேட்டை உள்ளே அனுப்புவதற்கென்று செல்லின் தோலில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலை ஒரு மருந்தால் அடைத்தார்கள். செல்கள் பிழைத்துக்கொண்டன.

அதாவது, இடிப்பு வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார் வந்து குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காக, இடிந்து விழும் தூசியே அவருக்கு நோட்டீஸ் கொடுக்கிறது போலிருக்கிறது. 'போலிருக்கிறது' என்று சொல்வதற்குக் காரணம், கிண்ணத்தில் நடப்பதெல்லாம் உடம்பில் அப்படியே நடக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. தவிர, கால்சியம் லேசாகக் கூடினால் இதே கொத்தனார்கள் அதை மோப்பம் பிடித்து ஓடி வருகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடினால் வரவேற்பு, ரொம்பக் கூடினால் வழியனுப்பு விழா. அளவுதான் சங்கதி.

* * *

சரி, யாரோ கிண்ணத்தில் எதையோ கொன்றால் நமக்கு என்ன? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் குழந்தைகளின் காலில் இருக்கிறது.

ஒரு குழந்தை எப்படி உயரமாகிறது? நீள எலும்புகளின் இரண்டு முனையிலும் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று உண்டு. குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு. அதன் ஒரு பக்கத்தில் செல்கள் பிறந்து, நாணயம் அடுக்கின மாதிரி வரிசையாக நின்று, ஒவ்வொன்றாகப் பருத்துப் பருத்து சுமார் பத்து மடங்கு உப்பும். அந்த உப்பல்தான் எலும்பை நீளத்தில் தள்ளுகிறது. பாவாடை ஏறுவதும், பேண்ட் கணுக்காலுக்கு மேலே போவதும் இந்த உப்பலால்தான். உப்பி முடிந்த செல் தன்னைச் சுற்றி கால்சியம் பூச விட்டு, உதிர வேண்டும். அது காலி பண்ணின இடத்தில் ரத்தக் குழாய் நுழையும், பின்னாலேயே கொத்தனார்கள் வந்து அசல் எலும்பு கட்டுவார்கள். (எல்லா செல்லும் சாவதில்லை. சில பேர் அங்கேயே வேலை மாறிக் கொத்தனார் ஆகிவிடுகிறார்கள் என்று 2014-ல் ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ரிட்டயர்மெண்டுக்குப் பதில் டிரான்ஸ்ஃபர். எந்த இலாகாவிலும் சாமர்த்தியசாலிகள் உண்டு.)

இந்த உப்பின செல் உதிராமல் உட்கார்ந்துவிட்டால்?

ரிட்டயர் ஆக வேண்டிய மேனேஜர் ஸீட்டை விடவில்லை என்று வையுங்கள். பின்னால் இருப்பவருக்குப் பிரமோஷன் இல்லை. அவர் பின்னால் இருப்பவருக்கும் இல்லை. கீழே புது ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஆபீஸ் பிதுங்கும், வேலை மட்டும் நடக்காது. வளர்ச்சித் தட்டிலும் அப்படியே. தட்டு தடித்துக்கொண்டே போகும், எலும்பாக மாறாது. குழந்தையின் மணிக்கட்டு வீங்கும். நிற்க ஆரம்பித்ததும் மெத்தென்ற கால் பாரம் தாங்காமல் வில்லாக வளையும். இதற்குப் பெயர்தான் ரிக்கெட்ஸ். சின்ன வயசில் பாடப் புத்தகத்தில் 'வைட்டமின் டி குறைவால் வருவது' என்று ஒரு மார்க்குக்குப் படித்தோமே, அது.

ஒரு மார்க் விடை தப்பில்லை. ஆனால் பாதிதான். வைட்டமின் டி இல்லாவிட்டால் ஏன் இந்த செல் சாக மறுக்கிறது?

அமெரிக்காவில் பாஸ்டனில் மேரி டிமே என்ற அம்மணியும் அவர் சகாக்களும் இதை எலியில் பிடித்தார்கள். வைட்டமின் டி சொல்வதைக் கேட்கும் காதே இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். அவற்றுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. எதிர்பார்த்ததுதான். அதே மாதிரி எலிகளுக்குக் குட்டியிலிருந்தே கால்சியமும் பாஸ்பேட்டும் நிறையப் போட்ட விசேஷத் தீனி கொடுத்தார்கள். ரிக்கெட்ஸ் வரவில்லை! வைட்டமின் டி-யின் பேச்சு ஒரு வார்த்தைகூடக் காதில் விழாத எலிக்கு, வளர்ச்சித் தட்டு கச்சிதமாக இருந்தது. அதாவது வைட்டமின் டி இந்த நாடகத்தில் தரகர். சரக்கை வாங்கிக் கொடுப்பவர். சரக்கு நேரே வந்தால் தரகர் வேண்டாம்.

இரண்டு சரக்கில் எது முக்கியம்? 2005-ல் அதே கோஷ்டி பதில் சொன்னது. பாஸ்பேட். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்து, பாஸ்பேட் மட்டும் குறைவாக இருக்கும் எலிகளிலும் அந்த உப்பின செல்கள் உதிராமல் குவிந்தன. பாஸ்பேட்தான் செல்லுக்குள் போய், அதன் பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியாவில் சாவுக்கான ஸ்விட்சைத் தட்டுகிறது. பாஸ்பேட் வராவிட்டால் ஸ்விட்ச் போடப்படாது. செல் சாகாது. குழந்தை வளராது.

எழுதும்போதே கொஞ்சம் உறைக்கிறது. ஒரு குழந்தை நிமிர்ந்து நிற்பதற்கு, அதன் முழங்காலில் தினம் ஆயிரக்கணக்கில் யாரோ சரியான நேரத்தில் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

* * *

இனி நைஜீரியா போக வேண்டும். வெயிலைப் பற்றிய ஒரு புதிர் அங்கே இருந்தது.

வைட்டமின் டி வெயிலில் இலவசமாகக் கிடைப்பது. அந்தக் கணக்கில் புகை மண்டிய இங்கிலாந்தில் ரிக்கெட்ஸ் வரலாம். நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் வரக் கூடாது. வெயிலுக்குக் குறைச்சல் இல்லாத ஊர். ஆனாலும் வளைந்த காலோடு குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். தாச்சர் என்ற டாக்டரும் சகாக்களும் 123 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி 24 வாரம் வைத்தியம் செய்தார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் டி ஊசி மட்டும், ஒன்றுக்குக் கால்சியம் மட்டும், ஒன்றுக்கு இரண்டும். 1999-ல் முடிவு வந்தது. வைட்டமின் டி மட்டும் பெற்றவர்களில் நன்றாகத் தேறியவர்கள் 19 சதவிகிதம். கால்சியம் மட்டும் பெற்றவர்களில் 61. இரண்டும் பெற்றவர்களில் 58. அந்தக் குழந்தைகளின் சாப்பாட்டில் பால் கிட்டத்தட்ட இல்லை. தினம் உள்ளே போன கால்சியம் சுமார் 200 மில்லி கிராம்தான்.

இப்போது புத்திசாலி வாசகர் ஒருவர் கையைத் தூக்குகிறார். 'யோவ், இப்பத்தானே பாஸ்பேட்தான் முக்கியம்னு சொன்னே? இங்க கால்சியம்னு சொல்றியே?'

சொல்கிறேன். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் ரத்தத்தில் குறையும். உடனே கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பிகள் அலறும். அந்த அலறல் ஹார்மோன் இரண்டு காரியம் செய்யும். எலும்பை இடித்துக் கால்சியம் எடுக்கச் சொல்லும். அப்படி இடிக்கும்போது கூடவே பாஸ்பேட்டும் வருமே, அது தேங்காமல் இருக்க, சிறுநீரகத்தைக் கூப்பிட்டுப் பாஸ்பேட்டை வெளியே கொட்டச் சொல்லும். கொட்டுகிறது. ரத்தத்தில் பாஸ்பேட் விழுகிறது. வளர்ச்சித் தட்டில் ஸ்விட்ச் போட ஆள் இல்லை. பற்றாக்குறை கால்சியத்தில் ஆரம்பித்தாலும், வைட்டமின் டி-யில் ஆரம்பித்தாலும், கடைசியில் மாட்டிக்கொள்வது பாஸ்பேட். பிறவியிலேயே சிறுநீரகம் பாஸ்பேட்டை ஓட்டைப் பாத்திரமாக ஒழுகவிடும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு எத்தனை வெயில் காட்டினாலும் போதாது. டாக்டர்கள் பாஸ்பேட்டையே கொடுக்கிறார்கள். அந்த ஒழுக்கலை அடைக்கும் ஊசி மருந்து ஒன்றும் 2018-ல் அனுமதி பெற்றது. விலையைக் கேட்டால் நமக்கு அப்பாப்டோஸிஸ் வரும்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் என் நண்பன் ஒருவன், திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூமில் கால்சியம் மாத்திரையைக் கடலை மிட்டாய் மாதிரி மென்றுகொண்டிருந்தான். வயசு 29.

"எதுக்குடா?"

"ஹைட் ஏறும்னு ஜிம்ல சொன்னாங்க மாப்ளே. இன்னும் ரெண்டு இஞ்ச் இருந்தா போதும். பொண்ணு வீட்ல ஐந்தே முக்கால் அடி கேக்கறாங்க."

ஏறாது. வளர்ச்சித் தட்டு பதினாறு, பதினெட்டு வயசுவாக்கில் கடையை மூடி, முழு எலும்பாகிவிட்டது. மூடின கடைக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கு அனுப்பி என்ன பிரயோஜனம்? அவனிடம் சொன்னேன். "அப்ப உள்ள ஹைட்டாவது குறையாம இருக்கும்ல?" என்றான். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

* * *

மூன்றாவதாக ஒரு அயனி பாக்கி இருக்கிறது. அதன் கதை நம்ம ஊரில் நடந்தது.

1937-ல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிஸர்ச்' பத்திரிகையில், மதராஸ் ராஜதானியில் பரவியிருக்கும் ஒரு வியாதியைப் பற்றிக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நாலு பேர். ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்டு, நாயர். (சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் இருக்கிறதே, அந்த பர்னார்டுதான் இவர்.) அன்றைக்கு ராஜதானியில் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் சில கிராமங்களில், நடுத்தர வயசு விவசாயிகளால் குனிய முடியவில்லை. முதுகு மூங்கில் மாதிரி விறைத்துவிட்டது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு ஆளும் திரும்ப வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு மெலியவில்லை. நேர்மாறாக, வழக்கத்தைவிடப் பளிச்சென்று வெள்ளையாக, கனமாக இருந்தது. தசைநாரெல்லாம் சுண்ணாம்பாகியிருந்தது. காரணம் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு. எலும்பைப் பிடிக்கும் இந்த வியாதியை உலகத்துக்கு விவரமாகக் காட்டிய முக்கியமான கட்டுரைகளில் அது ஒன்று.

ஃப்ளோரைடு அயனி ரொம்பச் சாமர்த்தியம். எலும்பின் உப்புப் படிகத்தில் வேறொருவர் ஸீட்டில் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்த எலும்பு சுலபத்தில் ஆஸிட்டில் கரையாது. இடிப்பவர் திணறுவார். கொஞ்சமாக இருக்கும்போது கொத்தனாருக்கு உற்சாகம் ஊட்டி, ஓவர்டைம் பார்க்க வைக்கும். அதிகமானால் சோதனைக் கிண்ணத்தில் அதே கொத்தனாரை உதிர வைக்கும். அளவைப் பொறுத்து ஆளை மாற்றும் அயனி.

'எலும்பு கனமானால் நல்லதுதானே?' என்று நமக்கு மட்டும் இல்லை, பெரிய டாக்டர்களுக்கும் தோன்றியது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்து பொட்டென்று உடைகிறதே, அவர்களுக்கு ஃப்ளோரைடைக் கொடுத்தால்? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 202 பெண்களை வைத்து நாலு வருஷம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு தினம் 75 மில்லி கிராம் ஸோடியம் ஃப்ளோரைடு, பாதிப் பேருக்கு டம்மி மாத்திரை. எல்லோருக்கும் கால்சியம் உண்டு. 1990-ல் முடிவு. ஃப்ளோரைடு சாப்பிட்டவர்களின் இடுப்பு முதுகெலும்பு 35 சதவிகிதம் கனத்தது. பாலன்ஸ் ஷீட் பிரமாதம். முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. கை கால் முதலான மற்ற எலும்பு முறிவுகள்? டம்மி கோஷ்டியில் 24. ஃப்ளோரைடு கோஷ்டியில் 72.

பி.காம். மூளைக்கு இது நன்றாகவே புரிகிறது. இருப்பு ஏறிவிட்டது, சரக்கு மட்டம். குடோன் நிறைய இருந்தும் கம்பெனி நொடித்துப்போன கதை நாம் பார்க்காததா? எலும்பின் பலம் அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதில் மட்டும் இல்லை. யார், எப்போது இடித்து, எப்போது கட்டி, எப்போது விலகினார்கள் என்பதிலும் இருக்கிறது.

இரண்டு கஷ்டமும் ஒரே குழந்தைக்கு வந்தால்? 1973-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் அதை எழுதினார்கள். ஃப்ளோரைடு தண்ணீர் குடிக்கும் ஊர்களில் இளைஞர்களுக்கு முழங்கால் இரண்டும் உள்பக்கம் மடிந்து ஒன்றோடொன்று இடித்தது. எலும்பும் மெலிந்திருந்தது. உள்ளே போகும் கால்சியம் குடலில் ஃப்ளோரைடைப் பிடித்து வெளியே தள்ளும். ஏழைத் தட்டில் கால்சியம் இல்லாவிட்டால் பிடிக்க ஆள் இல்லை. ஒரே கிணறு. பண்ணையார் வீட்டுப் பையன் மோர் சாதம் சாப்பிட்டுத் தப்பிக்கலாம். அவர் வயலில் வேலை செய்பவரின் பையன் முட்டி இடிக்க நடப்பான்.

* * *

நண்பன் கேட்டதற்கு இப்போது வருவோம். முப்பது வயசுவாக்கில் எலும்பு பாங்க்கில் டெபாஸிட் உச்சத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு இருப்பைக் காப்பாற்றுவதுதான் வேலை. நம் நாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் 2020-ல் சொன்ன கணக்கு, வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லி கிராம் கால்சியம். நூறு கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல் இருக்கிறது. இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர் சேர்த்தால் முக்கால் கிணறு தாண்டிவிடலாம். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை மிட்டாயாக மெல்ல வேண்டியதில்லை. மிச்சக் கால்சியத்தைச் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். அதிகமாகத் திணித்தால் சிலருக்கு அங்கேயே கல்லாக உட்கார்ந்துவிடும்.

பாஸ்பேட்டைத் தேடி அலையவே வேண்டாம். பருப்பு, பால், முட்டை, மீன் எல்லாவற்றிலும் இருக்கிறது. கோலா குடித்தால் அதிலுள்ள பாஸ்பாரிக் ஆஸிட் எலும்பைக் கரைக்கும் என்று பயமுறுத்துவார்கள். ஒரு டம்ளர் பாலில் அதைவிட அதிகம் பாஸ்பரஸ் உண்டு. கோலாவின் குற்றம் வேறு. பால் குடிக்க வேண்டிய வயிற்றில் அது இடம் பிடிப்பது. பாஸ்பேட் கூடிப்போய்க் கஷ்டப்படுபவர்கள் சிறுநீரகம் கெட்டவர்கள். வெளியேற வழியில்லாத பாஸ்பேட், ரத்தக் குழாயின் தசை செல்களுக்குள் நுழைந்து, சிலவற்றை உதிர வைத்து, சிலவற்றைக் கொத்தனாராகவே மாற்றிவிடுகிறது. அவர்கள் ரத்தக் குழாயில் எலும்பு கட்ட ஆரம்பிக்கிறார்கள். டயாலிஸிஸ் வார்டில் சாப்பாட்டு லிஸ்ட் கொடுத்து அவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான்.

தண்ணீர் விஷயம் மட்டும் பாக்கி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் காவிரித் தண்ணீரை அந்த இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுபோன திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃப்ளோரோஸிஸ் பாதிப்புக் குறைப்பு' என்று இருக்கிறது. 2013-ல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். நமக்கு அது அரசியல் நியூஸ். அந்த ஊர்க் குழந்தைக்கு முட்டி நியூஸ். குழாய் வராத இடத்திலும், குழாய் வந்தும் தண்ணீர் வராத நாளிலும் போர்வெல்தான்.

லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. ஃப்ளோரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, நாக்குக்கும் தெரியாது. சோதனைச் சாலையில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று. பாட்டி வைத்தியமாக அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். காலரா கிருமி சாகும். ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போய், பானையில் மிஞ்சினதில் அது இன்னும் கொஞ்சம் கூடித்தான் இருக்கும்.